பேக்-அப் எங்கே?

மும்பையில் ஒரு இன்வெஸ்ட்மென்ட் பேங்கில் எட்டு வாரம் இன்டர்ன்ஷிப் முடித்து மாயவரம் வந்து பத்து நாள் ஆகிறது. கல்லூரி நண்பர்கள், ஜூனியர்கள், சித்தப்பா, எதிர்வீட்டு மாமி என்று யார் பார்த்தாலும் இரண்டே கேள்விதான். எவ்வளவு கொடுத்தார்கள், ராத்திரி எத்தனை மணி வரை உட்கார வைத்தார்கள். அங்கே உட்கார்ந்து என்னதான் செய்தாய் என்று கேட்டது தாத்தா ஒருவர் மட்டும்தான். அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன். நான் வேலை பார்த்த இஷ்யூ (ஷேர் வெளியீடு) எந்தக் கம்பெனியுடையது, அது என்ன தயாரிக்கிறது, நான் பார்த்த எண்கள் என்ன என்பதையெல்லாம் சொல்ல முடியாது. ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அது நியாயமான கட்டுப்பாடு என்றும் நினைக்கிறேன். அதனால் சில இடங்களில் மேலோட்டமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 ஏப்ரல் 7, திங்கட்கிழமை சேர்ந்தேன். அமெரிக்கா அறிவித்த இறக்குமதி வரியால் உலகம் முழுக்கச் சந்தைகள் ஆடிப்போயிருந்த நேரம், அன்றைக்கு ஒரே நாளில் சென்செக்ஸ் 2,200 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில், பிகேசி என்றால்தான் அங்கே எல்லாருக்கும் புரியும், கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் மேல்தளத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். சுற்றி இருந்த எல்லாரும் திரையையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதியம் நடக்க வேண்டிய அறிமுகக் கூட்டம் நடக்கவே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு அசோசியேட், எனக்கு நேர் மேலே இருப்பவர், வந்து, லேப்டாப் கிடைத்ததா என்று கேட்டுவிட்டு, ஒரு புராஜெக்டின் பெயரைச் சொன்னார். அது கம்பெனியின் பெயர் இல்லை. ஒவ்வொரு டீலுக்கும் ஒரு சங்கேதப் பெயர் வைத்திருக்கிறார்கள், லிஃப்டில்கூட அந்தப் பெயரைத்தான் சொல்ல வேண்டும். அன்றைக்கே என்னிடமிருந்து ஷேர்களை வைத்திருக்கும் என் டீமேட் கணக்கு விவரம், வீட்டில் யாரெல்லாம் ஷேர் வைத்திருக்கிறார்கள் என்ற விவரம் எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். வெளியே தெரியாத செய்தியைத் தெரிந்துகொண்டு ஷேர் வாங்குவது குற்றம் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் தாத்தாவின் பெயரையும் அந்தப் படிவத்தில் எழுதும்போதுதான் அது கைக்குப் பக்கத்தில் இருக்கிற விஷயம் என்று பட்டது.

பேங்க் என்றதும் நம் ஊரில் டெபாசிட்டும் நகைக்கடனும்தான் நினைவுக்கு வரும். இது அந்த மாதிரி இல்லை. ஒரு கம்பெனி முதன்முறையாகப் பொதுமக்களிடம் ஷேர் விற்க வேண்டுமென்றால் நேரடியாகக் கடை விரித்துவிட முடியாது. நடுவில் செபியிடம் (பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) பதிவு செய்த மெர்ச்சன்ட் பேங்கர் இருக்க வேண்டும், 1992ல் வந்த விதிகள் அப்படி. கம்பெனியை உள்ளும் புறமும் ஆராய்வது, கம்பெனியின் கணக்கையும் ஆபத்தையும் முதலீட்டாளருக்குச் சொல்லும் வரைவு விளம்பல் ஆவணம் ஒன்றை 400, 500 பக்கத்துக்குத் தயாரிப்பது (டிஆர்எச்பி என்பார்கள்), அதைச் செபியிடம் கொடுப்பது, விலை வரம்பு வைப்பது, பெரிய ஃபண்டுகளிடம் போய் விற்பது, கடைசியில் பங்குச்சந்தையில் பட்டியலிட்டு முடிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இதற்கெல்லாம் பேங்குக்குக் கட்டணம் கொடுப்பது அந்தக் கம்பெனி. ஆனால் நாங்கள் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டோம், இதில் எழுதியிருப்பது உண்மை, முதலீட்டாளர் முடிவெடுக்கப் போதுமானது என்று செபிக்கு ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போடுவது பேங்க். பணம் ஒரு பக்கத்திலிருந்து வருகிறது, கடமை இன்னொரு பக்கத்துக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் இந்தத் தொழிலே என்று எனக்குப் புரிய ஐந்து வாரம் ஆயிற்று.

முதல் இரண்டு வாரம் பிட்ச் வேலைதான். இன்னும் கையில் வராத கம்பெனிகளுக்காக, எங்களை அமர்த்திக்கொள்ளுங்கள் என்று கேட்கும் ஸ்லைடுகள். அதே தொழிலில் ஏற்கெனவே சந்தையில் இருக்கும் எட்டு பத்து கம்பெனிகளை எடுத்து, விலைக்கும் லாபத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டு, அட்டவணை போட்டு, அடிக்குறிப்பு எழுதி, எழுத்தளவு சரிபார்த்து அனுப்ப வேண்டும். அனுப்பியதும் திருத்தம் வரும், திருத்தி அனுப்பினால் மறுபடி திருத்தம். எக்ஸெல்லில் வேகம் வந்தது. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

மூன்றாவது வாரம்தான் பேக்-அப் வேலையில் போட்டார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையைப் பற்றி எந்தப் பாடத்திலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. டிஆர்எச்பியில் இருக்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு காகிதம் இருக்க வேண்டும். "எங்களுக்கு 14 மாநிலங்களில் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள்" என்று ஒரு வரி இருந்தால் அந்தப் பட்டியல், ஒப்பந்தங்களின் நகல், கம்பெனி அதிகாரியின் கையெழுத்து, இதெல்லாம் டேட்டா ரூமில் (கம்பெனி தன் ஆவணங்களைப் போட்டு வைக்கும் இணையக் கோப்பறை) இருக்கிறதா என்று தேடி எடுத்து, அந்த வரிக்கு ஒரு எண் கொடுத்து, காகிதத்தில் அதே எண்ணை எழுதி, டிக் போட வேண்டும். "இத்துறையின் முன்னணி நிறுவனங்களில் ஒன்று" என்று சும்மா எழுதிவிட முடியாது, வெளி நிறுவனம் ஒன்று தயாரித்த துறை அறிக்கையில் அது எந்தப் பக்கம், எந்தப் பத்தியில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். நிறுவனர் எந்த வருடம் பட்டம் வாங்கினார் என்றால் பட்டச் சான்றிதழ். கணக்கு எண்கள் என்றால் ஆடிட்டர் அதை வட்டம் போட்டு உறுதி செய்து கடிதம் தர வேண்டும். நிலத்துக்குப் பத்திரம், வழக்குக்கு நீதிமன்ற ஆவணம், தொழிற்சாலையின் உற்பத்தித் திறனுக்குத் தனியான ஒரு சார்ட்டர்ட் இன்ஜினியரின் சான்றிதழ். வரைவுக் கூட்டங்களில் கம்பெனியின் ஆட்கள், இரண்டு மூன்று வக்கீல் அலுவலகங்கள், ஆடிட்டர், நாங்கள் என்று முப்பது பேர் வீடியோவில் இருப்பார்கள். ஒரு வரியைப் படித்ததும் யாராவது ஒருவர் கேட்பார்: பேக்-அப் எங்கே? அந்த எட்டு வாரத்தில் நான் அதிகம் கேட்ட இரண்டு வார்த்தை அதுதான்.

சலிப்பான வேலையாகத் தெரியும். எனக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. எங்கள் தாத்தா கூட்டுறவுத் துறையில் தணிக்கையாளராக இருந்தவர், சிவப்பு மையில் டிக் போட்டே முப்பது வருடம் கழித்தவர், ஒருவேளை அது ரத்தத்தில் வந்ததோ என்னவோ. ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் முடித்துவிட்டு நிமிரும்போது, இந்த நாற்பது பக்கத்தில் எது காற்றில் நிற்கிறது, எது தரையில் நிற்கிறது என்று நமக்குத் தெரியும் என்ற நினைப்பே ஒரு திருப்தி.

சரி, நேரக் கணக்கு. காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒரு மணி சாதாரணம், இரண்டு, இரண்டரை வாரத்துக்கு இரண்டு நாள். சனிக்கிழமை பாதி நாள் போய்விடும். இது மும்பைப் பழக்கம் மட்டும் இல்லை, இந்தத் தொழில் எங்கேயும் இப்படித்தான் இருக்கிறது. 2021ல் கோல்ட்மன் சாக்ஸ் என்ற அமெரிக்க இன்வெஸ்ட்மென்ட் பேங்கில் முதல் வருட அனலிஸ்ட்கள் 13 பேர் தங்களுக்குள்ளேயே ஒரு சர்வே எடுத்து மேலிடத்துக்குக் கொடுத்தார்கள், அது வெளியே கசிந்தது. வாரத்துக்குச் சராசரியாக 95 மணி நேர வேலை, இரவில் ஐந்து மணி நேரத் தூக்கம். அதே நிறுவனம் 2015லேயே கோடைகால இன்டர்ன்கள் நள்ளிரவுக்கு மேல் அலுவலகத்தில் இருக்கக் கூடாது, காலை ஏழு மணிக்கு முன் வரக் கூடாது என்று விதி போட வேண்டியிருந்தது. அப்படி ஒரு விதி எழுத வேண்டிய நிலை வந்ததே தப்பு என்றுதான் நான் சொல்வேன். என் கண்ணால் பார்த்தவரை அந்த நேரத்தில் பாதி வேலைக்காகப் போகவில்லை, காத்திருப்பதில் போயிற்று. பகலெல்லாம் மேலே உள்ளவர்கள் கூட்டங்களில் இருப்பார்கள், எட்டு மணிக்குத் திருத்தங்களை அனுப்புவார்கள், அதன் பிறகுதான் எங்களுக்கு நாள் தொடங்கும். பகல் பதினோரு மணிக்கு ஒரு அரைமணி நேரம் ஒதுக்கி அதைப் பார்த்திருந்தால் நான்கு பேர் பத்து மணிக்கு வீட்டுக்குப் போயிருக்கலாம். இதைக் கடைசி நாள் கருத்துப் படிவத்தில் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். இராத்திரி ஒன்றரை மணிக்கு அட்டவணை சரிபார்க்கும் கண் தவறு செய்யும், நானே செய்தேன், அதைக் கீழே சொல்கிறேன்.

தங்கியது மாட்டுங்காவில், ஒரு வயதான அம்மாவின் வீட்டில் பேயிங் கெஸ்டாக. மூன்று பெண்கள் ஒரு அறையில். மாட்டுங்கா என்றால் மும்பையில் நம் ஆட்களின் பழைய பேட்டை. மார்க்கெட்டில் வாழை இலையும் கட்டிய மல்லிகையும் வாங்கலாம், தமிழிலேயே பேரம் பேசலாம். காலையில் லோக்கல் டிரெயினில் சயான் தாண்டிக் குர்லா, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பிகேசி. இரவு பேங்கே டாக்ஸி கொடுக்கும். அந்த டாக்ஸி மித்தி ஆற்றைத் தாண்டித் தாராவி ஓரமாக வரும்போது ஊரில் என் அம்மா முழித்துக்கொண்டிருப்பாள், போனில் "ஏறிட்டியா, நம்பர் அனுப்பினியா, சாப்பிட்டியா" என்று அதே வரிசையில் கேட்பாள். நான் வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்ட பிறகுதான் வைப்பாள். எட்டு வாரம் அவளும் என்னோடு சேர்ந்துதான் கண் விழித்தாள்.

காலையில் சைக்கிளில் இட்லி விற்றுக்கொண்டு வருகிற அண்ணன் ஒருவர் எங்கள் தெருவுக்கு வருவார். தாராவியிலிருந்து அப்படி நிறையப் பேர் கிளம்புகிறார்கள். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பிறந்தது இங்கேதான். நான் எங்கே வேலை என்று கேட்டார், சொன்னேன். உடனே இட்லியை விட்டுவிட்டுப் போனை எடுத்து ஒரு செயலியைத் திறந்து காட்டினார். ஒரு வருடமாக வருகிற ஐபிஓ, அதாவது முதல்முறை ஷேர் வெளியீடு, எல்லாவற்றுக்கும் யுபிஐயில் விண்ணப்பிக்கிறார். "கிடைச்சா லிஸ்டிங் அன்னைக்கே வித்துருவேம்மா. கிரே மார்க்கெட்ல என்ன ரேட்டுன்னு பாத்துட்டுத்தான் போடுவேன்." கிரே மார்க்கெட் என்றால் ஷேர் பட்டியலிடப்படும் முன்பே சந்தைக்கு வெளியே நடக்கும் கணக்கில் வராத வியாபாரம். அந்தக் கம்பெனிகள் என்ன செய்கின்றன என்று பார்ப்பீர்களா என்றேன். "அதெல்லாம் ஐநூறு பக்கம் இங்கிலீஷுல இருக்கு, யாரு படிப்பா?"

அவர் மட்டும் இல்லை. செபியே 2024 செப்டம்பரில் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2021 ஏப்ரலிலிருந்து 2023 டிசம்பர் வரை வந்த 144 இஷ்யூக்களைப் பார்த்ததில், தனிநபர்கள் தங்களுக்குக் கிடைத்த ஷேர்களில் மதிப்பளவில் 50 சதவீதத்தை ஒரே வாரத்தில் விற்றுவிட்டிருக்கிறார்கள். அவருடைய கேள்வி எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அவர் மாதிரி ஆட்களுக்காகத்தான் சட்டமே இடம் ஒதுக்கியிருக்கிறது. மூன்று வருட லாபக் கணக்கு காட்டக்கூடிய கம்பெனி என்றால் இஷ்யூவில் 35 சதவீதமாவது 2 லட்சம் ரூபாய்க்குள் விண்ணப்பிக்கிற சில்லறை முதலீட்டாளருக்குப் போக வேண்டும். அந்தத் தகுதி இல்லாத கம்பெனி என்றால் 75 சதவீதம் பெரிய நிறுவனங்களுக்கு, சின்ன ஆட்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல் கிடையாது, ஆபத்து அதிகம் என்பதால். இவ்வளவு யோசித்து விதி எழுதியிருக்கிறார்கள், நாங்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து அந்த ஐநூறு பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் காகிதம் தேடுகிறோம், கடைசியில் அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர் ஒரு பக்கம்கூடத் திறப்பதில்லை. அது அவர் தப்பு என்று நான் நினைக்கவில்லை. இட்லி விற்கிற மனிதருக்குப் புரிகிற தமிழிலோ மராத்தியிலோ பத்துப் பக்கத்தில் எழுத முடியாதா? கணக்கையும் ஆபத்தையும் சுருக்கி நேராகச் சொல்ல முடியும், நான் இப்போது நிச்சயமாக நம்புகிறேன்.

இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம் தாத்தாவின் டிரங்குப் பெட்டி. அவர் 1994ல் ஓய்வு பெற்றார். அந்தக் காலத்தில் இறால் பண்ணைக் கம்பெனிகள் ஷேர் வெளியிட்டுக்கொண்டிருந்தன, புரோக்கர் கடைகளிலும் பெட்டிக்கடைகளிலும்கூட விண்ணப்பப் படிவம் கிடைக்குமாம். கையில் வந்த பணத்தில் பத்தாயிரம் ரூபாய்க்கு, பத்து ரூபாய் முகமதிப்பில் ஆயிரம் ஷேர், அப்படி ஒரு கம்பெனியில் போட்டார். நம் கடற்கரையோரத்திலேயே பண்ணை, ஜப்பானுக்கு ஏற்றுமதி என்று சொன்னார்கள். அடுத்த வருடமே இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்து கடற்கரை முழுக்கப் பண்ணைகள் அழிந்தன. அதற்குள் நிலத்தடி நீர் உப்பாகிறது, வயல் கெடுகிறது என்று தஞ்சை, நாகைப் பக்கத்து விவசாயிகள் போராடிக்கொண்டிருந்தார்கள். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11ல் தீர்ப்பு வந்தது: கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும். தாத்தாவின் கம்பெனி அதற்குப் பிறகு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. தீர்ப்பு தப்பு என்று தாத்தா ஒருநாளும் சொன்னதில்லை. உப்புத் தண்ணீர் ஏறிய கிணறுகளை அவரே பார்த்திருக்கிறார். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொல்வார். இந்த இன்டர்ன்ஷிப்புக்கான நேர்காணலில் ஏன் இந்தத் துறை என்று கேட்டபோது நான் இந்தப் பெட்டியைப் பற்றித்தான் சொன்னேன்.

இப்போது அந்தத் தப்பு. நான்காவது வாரக் கடைசியில், கம்பெனியின் உற்பத்தித் திறன் அட்டவணைக்கு டிக் போட்டேன். மூன்று வருடத்துக்கு ஆலையின் மொத்தத் திறன் என்ன, உண்மையில் எவ்வளவு உற்பத்தி, எத்தனை சதவீதம் பயன்பட்டது என்று இருக்கும். வரைவில் உள்ள எண்ணும் இன்ஜினியர் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தன, டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டேன். மூன்று நாள் கழித்து, மணி இரவு ஒன்று இருக்கும், வேறொரு அத்தியாயத்துக்காக மாதவாரி உற்பத்திக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது மொத்தம் இடித்தது. இரண்டாவது வருடத்தில் மட்டும் பெரிய வித்தியாசம். தேடிப் பார்த்ததில், வெளியே சின்னப் பட்டறைகளுக்குக் கொடுத்து ஜாப் ஒர்க்கில் செய்து வாங்கிய சரக்கையும் சேர்த்து ஆலையின் உற்பத்தி என்று காட்டியிருந்தார்கள். அதைக் கழித்தால் ஆலை அந்த வருடம் பயன்பட்ட சதவீதம் கணிசமாக இறங்கியது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். அந்த இஷ்யூவில் திரட்டும் பணத்தில் பெரும்பகுதி புதிதாக இன்னொரு ஆலை கட்டுவதற்கு. இருக்கிற ஆலை நிரம்பி வழிகிறது, அதனால் இன்னொன்று வேண்டும் என்பதுதான் வாதமே. இருக்கிற ஆலையே முழுதாக ஓடவில்லை என்றால் ஷேர் வாங்குகிறவர் ஒரு கேள்வி கேட்பார், கேட்க வேண்டும்.

அந்த ராத்திரி பதினைந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சொன்னால் நான் ஏற்கெனவே டிக் போட்டது தப்பு என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த எட்டு வாரத்தின் முடிவில் வேலை தருகிறார்களா இல்லையா என்பது என் அசோசியேட் என்னைப் பற்றி எழுதுவதில் இருக்கிறது. ஒருவேளை எனக்குத்தான் கணக்குப் புரியவில்லையோ என்றும் பயம். அப்புறம் அசோசியேட்டின் மேசைக்குப் போய் இரண்டு காகிதத்தையும் வைத்தேன். நான் மூன்று நாள் முன்பு சரிபார்த்துவிட்டேன், அப்போது மொத்தத்தை மட்டும் பார்த்தேன், அடியில் போகவில்லை என்றேன். அவர் திட்டவில்லை. எந்த மாதத்திலிருந்து வித்தியாசம் ஆரம்பிக்கிறது என்று மட்டும் கேட்டார். இரண்டு பேரும் மூன்று மணி வரை உட்கார்ந்து மாதம் மாதமாகப் பிரித்தோம்.

காலையில் அசோசியேட் கம்பெனியின் நிதி அதிகாரியிடம் பேசினார். அந்த அதிகாரி ஏமாற்றும் எண்ணத்தில் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை, அவர்கள் உள்ளுக்குள் எப்போதும் அப்படித்தான் எண்ணி வந்திருக்கிறார்கள், விற்ற சரக்கெல்லாம் எங்கள் சரக்குதானே என்றார். எங்கள் விபிக்கு (வைஸ் பிரசிடென்ட், அசோசியேட்டுக்கும் மேலே இருப்பவர்) முகம் மாறிவிட்டது, ஏனென்றால் ஏற்கெனவே பெரிய ஃபண்டுகளுக்கான ஸ்லைடில் அந்தச் சதவீதம் முதல் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சொன்னது இதுதான்: சான்றிதழில் கையெழுத்துப் போடப்போவது நாம், மாற்றச் சொல்லு. ஒரு வாரத்தில் இன்ஜினியரின் திருத்திய சான்றிதழ் வந்தது. அட்டவணை மாறியது. கீழே ஜாப் ஒர்க் பற்றி ஒரு அடிக்குறிப்பு. ஆபத்துகளைச் சொல்லும் ரிஸ்க் ஃபேக்டர்ஸ் பகுதியில், ஆலையின் திறன் முழுமையாகப் பயன்படாமல் போனால் என்ன ஆகும் என்று ஒரு புதிய பத்தி. அதன் முதல் வரைவை என்னை எழுதச் சொன்னார்கள். வக்கீல்கள் அதில் முக்கால்வாசியை மாற்றிவிட்டார்கள், ஆனால் "இரண்டாவது நிதியாண்டில்" என்று தொடங்கும் ஒரு வாக்கியம் நான் எழுதியபடியே நிற்கிறது. அது வெளியே வரும் நாளில் யாருக்கும் காட்டி இது நான் எழுதியது என்று சொல்ல முடியாது. எனக்கு அது போதும்.

அதே சமயத்தில்தான் ஏப்ரல் 28ல் மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர் எனர்ஜியின் ஐபிஓ திறந்தது, எங்கள் தளத்தில் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதிய நிதியாண்டின் முதல் பெரிய இஷ்யூ, சந்தை ஆடிக்கொண்டிருந்த நேரம், இதற்கு என்ன ஆகிறதோ அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தேதி குறிப்பார்கள். ஓசூரில் ஆலை வைத்திருக்கிற, சென்னை ஐஐடியில் படித்தவர்கள் தொடங்கிய கம்பெனி என்பதால் எனக்குத் தனி ஆர்வம். ஒவ்வொரு மணிக்கும் எந்தப் பிரிவில் எத்தனை மடங்கு விண்ணப்பம் என்று பங்குச்சந்தைத் தளத்தில் எண் மாறும், பக்கத்து மேசையில் யாராவது அதைச் சத்தமாகப் படிப்பார்கள்.

மே 26, கடைசி வாரத் திங்கட்கிழமை, வழக்கத்தைவிட இரண்டு வாரம் முன்பாகவே மும்பையில் பருவமழை இறங்கியது. டிரெயின் நின்று, குர்லாவில் முழங்கால் தண்ணீரில் நடந்து, பதினொன்றரைக்கு அலுவலகம் போனேன். அந்த வெள்ளிக்கிழமை லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தேன். வேலை தருவார்களா என்று ஜூலையில் தெரியும். தந்தால் போவேனா என்று கேட்டால், போவேன், அந்த இரவு நேரங்களைப் பற்றி என் கருத்தை மாற்றிக்கொள்ளாமல் போவேன்.

வந்த மறுநாள் தாத்தா பெட்டியைத் திறந்தார். ஷேர் பத்திரத்தோடு, மடிப்பில் கிழிந்த பழைய விண்ணப்பப் படிவமும் இருந்தது, பின்பக்கம் பொடி எழுத்தில் சுருக்க விளம்பலோடு. அந்தக் காலத்துப் படிவங்களில் ஆபத்துகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே அதைப் பற்றி நிர்வாகம் என்ன நினைக்கிறது என்றும் எழுதுவார்கள். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். இறாலுக்கு நோய் வரலாம், நிர்வாகத்தின் கருத்து: அனுபவமுள்ள நிபுணர்கள் இருக்கிறார்கள். ஏற்றுமதி விலை குறையலாம், நிர்வாகத்தின் கருத்து: தேவை நன்றாக இருக்கிறது. இப்படி ஆறு. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 1991 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் என்ன செய்யலாம், செய்யக் கூடாது என்று சொல்வது அது. பண்ணை அந்த எல்லைக்குள் வருகிறதா என்று அந்தப் படிவத்தில் ஒரு வரி இல்லை. தாத்தா இரண்டு முறை கேட்டார், நான் இரண்டு முறை தேடினேன்.

"இப்பல்லாம் போடுறாங்களா?" என்றார். போனில் காட்டினேன், எழுத்து தெரியவில்லை. பட்டமங்கலத் தெரு ஜெராக்ஸ் கடையில் ஹூண்டாய் மோட்டார் இந்தியாவின் விளம்பல் ஆவணத்திலிருந்து முதல் பகுதிகளை மட்டும் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தேன். இருங்காட்டுக்கோட்டையில் அந்த ஆலை வந்ததிலிருந்து அவருக்கு அந்தக் கம்பெனி பழக்கம், சித்தப்பாவின் முதல் கார் சான்ட்ரோ. 2024 அக்டோபரில் வந்த 27,870 கோடி ரூபாய் இஷ்யூ, அதுவரை இந்தியாவில் வந்ததிலேயே பெரியது. தாத்தா திண்ணையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துகொண்டார். ஒரு வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்து, பழைய பழக்கத்தில் டிக் போட்டுக்கொண்டே போனார். சாயங்காலம் காபி கொண்டுபோனபோது கூப்பிட்டார்.

"ஏம்மா, இது பூரா கொரியாக்காரன் வச்சிருந்த ஷேரைத்தான் விக்கிறான். இங்க இருக்கற கம்பெனிக்கு இதுல ஒரு பைசா வரலேன்னு போட்டிருக்கு. நான் சரியாத்தான் படிச்சிருக்கேனா?"

சரிதான் தாத்தா என்றேன்.

அந்த வரிக்கு நேராக டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.